பொன்னுராஜுக்கு நெறி கட்டிய கதை

தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டிக்கொண்டால் ஒரு மனுசன் பேசாமல் படுத்துக் கிடக்க வேண்டுமா, ஊரைக் கூட்ட வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள். கம்பத்துப் பக்கம் நஞ்சை வைத்திருந்த பொன்னுராஜ் ஊரைக் கூட்டினார்.

"ஏ பவுனு! நெல்லு மூட்டை தூக்கித் தூக்கி நெறி கட்டிருச்சு! கோழியடிச்சுக் குழம்பு வையி. சுண்ணாம்பும் தேனும் குழைச்சு இங்கன பூசிவிடு!"

மூட்டையாவது, மண்ணாவது! வயலுக்கு மடை திருப்பப் போவதாகச் சொல்லிவிட்டு, மனுசன் கம்பத்து டூரிங் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போயிருந்தார். அங்கே உடைந்து கிடந்த சோடா பாட்டிலை வெறுங்காலால் மிதித்தும் விட்டார். அந்தப் படத்துக்குத்தான் அவர் பெண்சாதி பவுனு ஒரு மாசமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "கொட்டகையைப் பிரிச்சுட்டாக புள்ள" என்று வாய் கூசாமல் சொல்லி வைத்திருந்தார்.

அதனால் காலை மட்டும் மறைத்தார். நொண்டாமல் நடக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நெறி இருப்பது மேலே. உள்ளங்காலுக்கும் அதற்கும் என்ன உறவு என்று தைரியமாக இருந்தார்.

பவுனோ இரண்டு பிள்ளை வளர்த்தவள். தலையில் சிரங்கு வந்தால் நெறி கழுத்தில் கட்டும், விரலில் நகச்சுத்து வந்தால் அக்குளில் கட்டும் என்று கைபார்த்துப் பழகியவள்.

"மூட்டை தூக்குனா முதுகுல்ல மாமா பிடிக்கும்? நெறி ஏன் கட்டுது?"

"என் உடம்பு வாகு அப்படி."

"காலைக் காட்டுங்க."

"காலுக்கு என்ன? நெறி இங்கனல்ல இருக்கு!"

"இங்கன நிக்கிறவன் காவக்காரன் மாமா. விசத்தை மேல ஏறவிடாம மறிச்சு மல்லுக்கட்டுறான், அதான் வீங்கிக் கிடக்கான். கள்ளன் கீழ இருக்கான். கள்ளனை விட்டுட்டுக் காவக்காரனுக்குச் சுண்ணாம்பு பூசுனா ஆச்சா?"

பொன்னுராஜ் சட்டென்று இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டார். பவுனு நேராக வலது காலைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தக் காலுதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"நெறி வலப்பக்கம்தான கட்டியிருக்கு?"

முள்வாங்கியால் ஒரு கீறு. சீழோடு பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று வெளியே வந்தது.

"நம்ம வயக்காட்டுல சோடாக்கடை எப்பத் தொறந்தாக?"

"அது... வாய்க்காத் தண்ணியில வந்திருக்கும்."

"இருக்கும், இருக்கும்." வெந்நீரில் காயத்தைக் கழுவி மஞ்சளை அப்பிக்கொண்டே, ஒன்றுமே நடக்காதது போலப் பேச்சுக் கொடுத்தாள். "நீங்க மடை திருப்பப் போன அன்னைக்கு நல்ல மழைல்ல? பாவம், கொட்டகைக்குள்ள இருந்தவுக எல்லாரும் தொப்பலா நனைஞ்சு போனாகளாம்."

"எந்தப் பய சொன்னான்? ஒரு பொட்டு ஒழுகலை!"

சொன்ன பிறகுதான் பொன்னுராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பவுனு காயத்தில் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"யக்கா, நல்ல சீலையா மாத்திட்டு வாங்க, கம்பம் போவோம். புள்ளைக ரெண்டையும் இன்னைக்கு அவுக பாத்துக்கிறாக."

பிறகு திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். கதையை மட்டும் முன்கூட்டியே சொல்லிராதீக."