சுரைக்காய் வயிற்றில் அக்னி

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டில் ஆட்டோ கிடைக்காது. எல்லா ஆட்டோவும் வயிறு எரிகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையோரத் தகரக் கொட்டகைக்குப் பறந்துவிடும். அங்கேதான் அக்னி அமர்த்தி சாமி எழுந்தருளியிருக்கிறார். வேங்கிக்காலில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தபோது அவர் பெயர் காசி. ஞானம் வந்ததும் பெயர் நீண்டது, கூட்டமும் நீண்டது.

"இது நெருப்பு மலைப்பா. இந்த ஊர்க்காரன் வயித்துல அக்னி ஜாஸ்தி. டாக்டரு அத நூல் போட்டுத் தெச்சா நிக்குமா?" என்பார் சாமி.

"நிக்காது சாமி!" என்று கூட்டம் கும்பிடும். வயிற்றில் இருப்பது அமிலம், அடுப்பு அல்ல என்று சொல்ல அங்கே ஒரு வாயும் திறக்காது.

ரமணாசிரமம் பக்கம் காபிக்கடை வைத்திருக்கும் நிர்மலும் அப்படிக் கும்பிடுகிறவர்களில் ஒருவன். சாப்பிட்டதெல்லாம் புளித்து நெஞ்சுக்கு ஏறும் வியாதி அவனுக்கு. போன வருஷம் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி வளைத்துத் தைத்தார்கள். அமிலம் ஏறாமலிருக்க ஓர் அணை. "இனிமே மாத்திரை வேணாம். மறுபடி எரிஞ்சா நீங்களா எதையும் முழுங்காம என்கிட்ட வாங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

சில மாதத்தில் நெஞ்சு மறுபடி எரிந்தது. சோறு பாதியில் நின்றது. டாக்டரிடம் போனால் மறுபடி கத்தி எடுப்பாரோ என்ற பயத்தில் நிர்மல் சாமியிடம் ஓடினான். திருநீறு பூசிய குளிகை கிடைத்தது. கூடவே ஒரு கட்டளை: ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் குளிகை பலிக்காது. பிழைக்கத் தெரிந்த சாமி!

எரிச்சல் கம்மியான மாதிரி இருந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை. கஞ்சியில் உயிர் ஓடியது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் ஒரு வாய் இட்லி நெஞ்சில் அடைத்து, கண் செருகி, நிர்மல் சுவரைப் பிடித்துக்கொண்டான். அது வெளியே வந்து விழும்வரை அவன் மனைவி த்ரிசலா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாமி கோவிச்சுக்குவாரு."

"சரி, அப்ப சாமிகிட்டயே போலாம். நானும் வர்றேன்" என்றாள். கையில் ஒரு பை எடுத்துக்கொண்டாள்.

வழக்கம்போல சாமி நிர்மலின் உள்ளங்கையில் திருநீற்றைத் தேய்த்தார். அந்தக் கையை வயிற்றில் வைத்து எடுக்கச் சொன்னார். பிறகு மஞ்சள் தண்ணீர் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் முக்கச் சொன்னார். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

"பாத்தியா அக்னிய! இன்னும் அடங்கல. குளிகைய விடாத."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்து ஆயுசெல்லாம் ஆரத்தி எடுத்த பெண்கள்தான் முன்வரிசையில் மெய்சிலிர்த்து நின்றார்கள்.

த்ரிசலா பையிலிருந்து ஒரு சுரைக்காயை எடுத்தாள். சாமியின் தட்டிலிருந்தே திருநீறு அள்ளி அதன்மேல் தேய்த்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு மஞ்சள் கிண்ணத்தில் முக்கினாள். தண்ணீர் குப்பென்று சிவந்தது.

"சாமி, இதுக்கும் வயித்துல அக்னியா? இது எந்த டாக்டருகிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"தீட்டு! தீட்டு!" என்று சாமி எழுந்தார்.

"இருங்க சாமி, இன்னொண்ணு கீது." சாமி கொடுத்த குளிகையில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் தேய்த்தாள். திருநீறு கரைந்தது. உள்ளே மஞ்சள் மாத்திரை. மேலே கம்பெனி முத்திரை.

நிர்மல் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "இது... ஆபரேஷனுக்கு முன்னாடி நான் தெனமும் முழுங்கினது. டாக்டரு நிறுத்தச் சொன்னதே இதத்தான்."

"என் அருளால குளிகை மாத்திரையா மாறிடுச்சு" என்றார் சாமி.

"அப்ப கம்பெனி பேர இங்கிலீஷ்ல எழுதினது யாரு, சாமி? நீங்களா, மலையா?"

இந்த முறை கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வசவாக மாறுவதற்குள் சாமி கொட்டகையின் பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். காவி வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அக்னி அடங்கியது.

மறுநாளே நிர்மல் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தவைத்து, பிறகு உணவுக்குழாயில் மெல்லிய குழாய் விட்டு அமிலத்தை அளந்தார்கள். ஒரு சொட்டு அமிலம்கூட மேலே ஏறவில்லை. அணை கெட்டியாகவே இருந்தது. கொஞ்சம் இறுக்கமாகவும் இருந்தது. அங்கே சோறு சிக்கித்தான் நெஞ்சு எரிந்திருக்கிறது. இல்லாத அமிலத்துக்கு இத்தனை நாள் மாத்திரை!

"மொதல்லயே வந்திருந்தா இப்படி எளைச்சிருக்க மாட்டீங்க" என்ற டாக்டர், கத்தி எடுக்கவில்லை. சின்ன பலூனை உள்ளே விட்டு இறுக்கத்தைத் தளர்த்தினார். அந்த வாரமே நிர்மல் சாம்பார் சாதம் சாப்பிட்டான். த்ரிசலா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியானதும் அழுதாள்.

பத்து நாள் கழித்து கடைக்கு ஒருவர் வந்தார். கொட்டகையில் முன்வரிசைக்காரர்.

"அந்தாளு பிராடாமே தம்பி. வேற நல்ல சாமி யாருனா இருந்தா சொல்லேன்."

நிர்மல் காபியை அவர் முன்னால் வைத்தான்.

"உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு கீது, பெரியவரே. ரொம்ப நாளா பூட்டியே கெடக்குது. மொதல்ல அதத் தெறந்து பாருங்க."