நூலகரின் கடைவாய்ப் பல்

பல் டாக்டரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. நூலகரின் கண்ணில் பட்டது ஊசியல்ல, குறடல்ல. நாற்காலிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூவாக விரிந்து நின்ற துப்பும் தொட்டி. ஊரே துப்பிய தொட்டி.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. வலது கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. காத்திருக்கும் அறை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல மெல்ல அசைந்தது. சுவர்க் கடிகாரம்கூட நீந்திக்கொண்டே மணி காட்டியது.

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுபவர்களை நூலகத்துக்குள்ளேயே விடாதவர் அவர்.

"பயம்னு சொல்ல வெட்கப்பட்டு, அருவருப்புன்னு பேர் வெச்சிருக்கீங்க. அந்தப் பல்லோட வீட்டுக்கு வராதீங்க" என்று காலையில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

மெல்ல எழுந்து நழுவினார். நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"நான் பேஷன்ட் இல்லம்மா. வந்து... பிளம்பர். ஸ்பேனரை மறந்துட்டேன். நாளைக்கு வரேன்."

அவள் வீங்கிய கன்னத்தையும் இஸ்திரி கலையாத சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. துப்புற தொட்டிதான் அடைச்சிருக்கு. ஸ்பேனர் இங்கயே இருக்கு" என்று முன்னால் போனாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் நூலகர்.

"கையுறை இல்லாம தொட மாட்டேம்மா."

கையுறை வந்தது.

"உள்ள ஒண்ணுமே தெரியலையே."

தலைக்கு மேல் பெரிய விளக்கு நிலவு போல எரிந்தது.

"குனிஞ்சா இடுப்பு பிடிக்குது."

"அதுக்கென்ன, அந்த நாற்காலியில உட்கார்ந்தே பாருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி படகு மாதிரி பின்னால் சாய்ந்தது. கண்ணை இறுக மூடி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, தொட்டியின் குழிக்குள் விரலை விட்டார். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுத்தார்.

ஒரு பஞ்சுருண்டை. வெள்ளை வெளேரென்று.

"இவ்வளவுதானா?"

குழாயைத் திறந்தார். தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல்முறையாகக் கண் சொக்கியது. மடக்கி வைத்திருந்த கால்கள் தாமாகவே நீண்டன.

டாக்டர் கை துடைத்தபடி உள்ளே வந்தார்.

"யாரும்மா இவரு?"

நூலகரின் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்:

"இந்த மாசம் ஆறாவது பிளம்பர், டாக்டர். நான் வெச்ச பஞ்சை எடுத்துட்டார். இனிமே துப்பச் சொன்னா துப்புவார்."