தங்கள் மனைவியின் புத்தகத்தை நான் பிரபலப்படுத்திய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. அங்கே வேலையும் உடம்பும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கு எல்லோரும் சௌக்கியம், தங்கள் மனைவி மட்டும் என்னோடு பேசுவதில்லை. என் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகையால்தான் காகிதம்.

அவள் வரைந்து எழுதிய குழந்தைகள் புத்தகம், 'உயரத்துக்குப் பயந்த லிஃப்ட்', அச்சாகி வந்தது தாங்கள் அறிந்ததே. வந்த பெட்டிகள் அத்தனையும் என் அறையில். அவசர வழி அடைபட்டிருக்கிறது என்று நான் சுட்டிக்காட்டியபோது அவள் அழுதுவிட்டாள். "இது வித்தாதான்ப்பா அடுத்தது வரைவேன். இல்லேன்னா பழைய இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே போயிடறேன்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் என்ன செய்யணும் சொல்லு என்றேன். இன்ஃப்ளூயன்சர்களுக்கு எழுதணும்ப்பா, சும்மா சூப்பர்னு போட்டா மதிக்க மாட்டாங்க, வீடியோவை முழுசா பார்த்து நிஜமா மனசுல பட்டதை எழுதணும் என்றாள்.

மனசில் பட்டதைத்தான் எழுதினேன் மாப்பிள்ளை. சர்வீஸ் முழுக்கத் தீயணைப்புத் துறையில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிச் சோதனை போட்டவனுக்கு வேறு என்ன படும்? குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் ஓர் அம்மையாருக்கு, "குரல் வளம் அருமை. தங்கள் தலைக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு கருகியிருக்கிறது. எங்கள் புத்தகத்தின் படம் இத்துடன்" என்று எழுதினேன். பிளாக் செய்துவிட்டார். பொம்மைகளைப் பிரித்துக் காட்டும் தம்பி ஒருவர், வீட்டிலுள்ள வயரையெல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தார். அதைப் படம் பிடித்து, வட்டம் போட்டு அனுப்பினேன். "அங்கிள், நீங்க யாரு?" என்று கேட்டார். பதவி, பணிக்காலம், வாங்கிய நற்சான்றிதழ் எல்லாம் எழுதினேன். அவரும் பிளாக்.

கடைசியில் ஒரு பெண் மட்டும், வீட்டுக்கே வாங்க, லைவ்ல பேசலாம் என்றாள். லட்சக்கணக்கில் பார்ப்பார்களாம். தங்கள் மனைவி கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகினாள். கிளம்பும்போது என்னிடம், "நீங்களும் வாங்கப்பா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். திறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அந்த அறையில் மெல்லிசான திரை, அதை ஒட்டி ஒரு மெழுகுவத்தி எரிகிறது, ஃபேன் காற்றில் திரை அதன் மேலேயே போய் விழுகிறது. கையைக் காட்டினேன், இருமினேன், ஒருத்தரும் திரும்பவில்லை. கைக்கடக்கமான தீயணைப்பு சிலிண்டர் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை என்பது தங்கள் கல்யாண மேடையிலேயே தாங்கள் அனுபவித்த விஷயம். சிலிண்டரின் பூட்டுப் பின்னை இழுத்தேன், பொடியை அடித்தேன். திரை, கேமரா, அந்தப் பெண், தங்கள் மனைவி, அவள் விரித்துப் பிடித்திருந்த புத்தகம் எல்லாம் ஒரே வெள்ளை. பொடி அடங்கியதும் பார்க்கிறேன், மெழுகுவத்தி மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி மெழுகுவத்தியாம். அடியில் பட்டன் இருந்தது. அதையும் நானே அணைத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் தலையில் இருந்த பொடியைத் தட்டிக்கொண்டே, "போதும்ப்பா, நான் ஆபீஸுக்கே போறேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை. அந்த லிஃப்ட் பயந்து கண்ணை மூடிக்கொள்கிற பக்கத்தை நானே திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அப்படி வரைகிற கை பாலிசி ஃபாரம் நிரப்பப் போகலாமா? நான் சொன்னால் எடுபடாது, நீங்க பேசுங்க. என்னை நாலு திட்டு திட்டியாவது பேசுங்க. இனி எந்த இன்ஃப்ளூயன்சர் வாசலையும் மிதிப்பதில்லை, இது சத்தியம்.

தாங்கள் நீடூழி வாழவும், தங்கும் அறைக்கு இரண்டு வாசல் அமையவும் ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதிய எதையும் அவளிடம் பேச வேண்டாம். தபாலில் போடக் கிளம்பும்போது அவளே சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த லைவை ஊர் உலகமெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதாம். வெள்ளையா ஆச்சே, அது என்ன புத்தகம் என்று கேட்டுக் கேட்டுப் பெட்டிகள் காலி. அடுத்த புத்தகத்துக்கு வரைய உட்கார்ந்துவிட்டாள். பிளாக் செய்த இரண்டு பேரும் இப்போது வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நாளைக்கே போகணும், நானும் சிலிண்டரோடு வரணும் என்கிறாள்.

"அங்க தீயே இல்லையேம்மா" என்றேன்.

"அன்னைக்கு மட்டும் இருந்துதாப்பா?" என்கிறாள்.