பதினைந்து மீட்டர் ஆழத்துக் கெமரா

"பதினஞ்சு மீட்டர் ஆழத்துக்குப் போகுமா, இல்ல பதினாலோட நின்னுருமா?"

அந்தோனிமுத்து இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். நீச்சல் தெரியாத மனிதர். வாழ்க்கையில் அவர் கண்ட ஆகக் கூடிய ஆழம் குளியலறை வாளி, அதிலும் கை மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

கண்டி டவுனில் கெமராக்கடை வைத்திருக்கும் ஸாகி பொறுமைசாலி. "போகும் சேர். ரெண்டு மீட்டர் ஒசரத்துல இருந்து விழுந்தாலும் உடையாது. மைனஸ் பத்துக் குளிர்லயும் வேலை செய்யும்."

"மைனஸ் பத்து!" என்று தலையாட்டினார், நுவரெலியாவுக்குப் போனாலே இரண்டு ஸ்வெட்டர் போடுகிற வீரர்.

அவர் கையில் இருந்தது கண்ணாடி அலுமாரியிலிருந்து ஸாகி எடுத்துக் காட்டிய கெமரா. ஆரஞ்சு நிறம். திரையில் இரண்டு மஞ்சள் மீன்கள் பளபளத்தன. "படம் என்ன கிளியரு! பாரமும் இல்ல, பஞ்சு மாதிரி இருக்கு" என்று அவர் வியந்தார்.

இத்தனை ஆராய்ச்சியும் ஒரு கலண்டருக்காக. அந்தோனிமுத்து ஒரு குடைக் கம்பெனியில் பெரிய கிளார்க். கம்பெனிக் கலண்டரில் வருசா வருசம் ஒரு மழைப் படமோ அருவிப் படமோ வரும். மூன்று வருசமாக அதன் கீழே 'படம்: சுதேஷ்' என்றுதான் இருக்கிறது. சுதேஷ் விற்பனைப் பகுதிப் பொடியன், அவருக்கு இருபது வயது இளையவன். சலூனுக்குப் போனால் சுவரில் சுதேஷ். மச்சான் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுதேஷ். கோயிலில் ஃபாதருடைய அறையிலும் சுதேஷ். மனுசன் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பார்? சனிக்கிழமை வத்தேகமப் பக்கத்து அருவிக்கு ஒபீஸ் ட்ரிப். அங்கே எடுக்கிற படத்தில் ஒன்றுதான் அடுத்த கலண்டர் என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்தத் தடவை 'படம்: அந்தோனிமுத்து' என்று வந்தே ஆகவேண்டும்.

ஸாகி உள்ளேயிருந்து ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்தான். "இந்தாங்க சேர், புது பீஸ் இருக்கு."

"எனக்கு அது வேணாம். நீ காட்டினதையே குடு."

"சேர், அது சும்மா காட்டுறதுக்கு வச்ச..."

"காட்டினதைத்தான்யா கேக்குறேன்! கத்தரிக்கா வாங்கினாலும் கையில பொறுக்கினதைத்தான் வாங்குவேன். ஒன்னைக் காட்டி இன்னொன்னைக் கட்டிக் குடுக்கிற வேலை எங்கிட்ட வேணாம்."

ஸாகி சிரித்துக்கொண்டே பில் போட உள்ளே போனான். அந்த ஒரு நிமிசம் போதும் நம்ம ஆளுக்கு. பெட்டியைத் திறந்தார். புதியதை எடுத்து மேசையில் கிடந்த துணிக்குக் கீழே தள்ளினார். தான் பொறுக்கியதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். காசைக் கட்டி, பில்லில் ஒபீஸ் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைக்காரனையே ஏமாற்றிய பெருமையோடு இறங்கினார். என்ன சாமர்த்தியம்! ஆளைத் தட்டில் வைத்து ஆராத்தி எடுக்கவேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள். புதுச் சாமான் எதையும் மந்திரிக்காமல் அவர் தொடமாட்டார். பூசை முடிந்ததும் பெட்டியை ஃபாதரிடம் நீட்டினார்.

"ஃபாதர், தீர்த்தம் தெளிக்கையில கெமராவில படாமப் பாத்துக்குங்க."

"தண்ணிக்குள்ள படம் எடுக்கிற கெமரான்னு சொன்னீங்களே?"

"இருந்தாலும் எதுக்கு ஃபாதர்? பெட்டியை மந்திரிங்க, போதும்."

பெட்டியும் ஒரு ஷொப்பிங் பேக்குக்குள் இருந்தபடிதான் ஆசீர்வாதம் வாங்கியது.

வீட்டில் மனைவி கத்தரீனா கேட்டாள். "தொறந்து ஒரு படம் எடுத்துப் பாக்கக்கூடாதா? பெட்ரி சார்ஜ் போட வேணாமா?"

"புதுச் சாமான்ல பெட்ரியும் புதுசா, முழுசா இருக்கும். அருவியிலதான் திறப்பு விழா. உனக்கு இதெல்லாம் விளங்காது."

"உங்களுக்கு விளங்கினாச் சரி" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலையிலிருந்து போன் அடித்தது. கெமராக்கடை நம்பர். அவர் வெட்டினார். மறுபடியும் அடித்தது. மறுபடியும் வெட்டினார். வியாழக்கிழமைக்குள் பதினொரு தடவை.

"எடுத்துத்தான் பேசுங்களேன்" என்றாள் கத்தரீனா.

"வாரன்டியை நீட்டுங்க, கவரை வாங்குங்கன்னு கழுத்தறுப்பான். எடுத்தா விழுந்துருவோம்."

சனிக்கிழமை பஸ்ஸில் கெமரா பெட்டிக்குள், பெட்டி ஷொப்பிங் பேக்குக்குள், பேக் துவாய்க்குள், துவாய் அவர் மடியில். பதினைந்து மீட்டர் புராணம் மட்டும் பஸ் முழுக்கக் கேட்டது. ரிசெப்ஷனில் இருக்கும் றேணுகா பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வயது இருபத்தி நாலு, வாயே திறக்காத பிள்ளை. அன்றைக்குத் திறந்தாள்.

"அண்ணே, நேத்து நீங்க போனப்புறம் கெமராக்கடைக்காரர் ஒபீஸுக்கு வந்தாரு. உங்களுக்குன்னு..."

"வந்துட்டானா! போன் எடுக்கலன்னு நேராவே வந்துட்டானா?"

"இல்லண்ணே, உங்களுக்கு ஒன்னு குடுத்து..."

"இனாம்னு ஒன்னைக் குடுத்துத்தான் கொக்கி போடுவானுங்க. என்னவா இருந்தாலும் நீயே வச்சுக்க! எனக்குச் சொந்தமா மூளை இருக்கு."

"அண்ணே, அப்படியில்ல, அது வந்து..."

"தாயே, மனுசனை நிம்மதியா இருக்க விடு!"

றேணுகா தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அருவியடிக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை கொட்டியது. குடைக் கம்பெனியிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். குடை கொண்டுவந்தது அந்தோனிமுத்து ஒருவர்தான். அதையும் அவர் கெமராவுக்குப் பிடித்தார். போதாததற்குத் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். ஆள் தொப்பலாக நனைந்து நடுங்கினார். கெமரா காய்ந்து சுகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சுதேஷின் பெரிய கெமராவுக்குள் மழைத்தண்ணி இறங்கி, அது கண்ணை மூடிவிட்டது. மற்றவர்களின் போன்களெல்லாம் பயந்து பைக்குள் போய்விட்டன.

"இனி உங்க கைலதாண்ணே இருக்கு கலண்டரு" என்றான் சுதேஷ். பாவம், மனசாரத்தான் சொன்னான்.

அந்தோனிமுத்துவின் மூன்று வருச வயிற்றெரிச்சல் தீரப்போகிறது. சுற்றியிருந்ததையெல்லாம் அவிழ்த்தார். திரையில் அதே இரண்டு மஞ்சள் மீன்கள். பொத்தானை அமுக்கினார். மீன்கள் அசையவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். மீன்கள் அவரைப் பார்த்தபடியே இருந்தன.

"பெட்ரி இருக்காண்ணே?" என்று கேட்டான் சுதேஷ்.

"பெட்ரி இல்லாமத்தான் மீன் தெரியுதா? முட்டாள்தனமாப் பேசாத. குளிர்ல கொஞ்சம் விறைச்சுப்போச்சு."

மைனஸ் பத்துக்குத் தாங்கும் கெமரா வத்தேகம மழையில் விறைத்துவிட்டதாம்! சூடாக்க அக்குளுக்குள் வைத்து இடுக்கிக்கொண்டார். அக்குளை இறுக்கிக்கொண்டு நின்றதில் குனிய முடியவில்லை. குனியாமல் நின்றதில் காலில் ஆறு அட்டை ஏறிவிட்டது. அட்டை கழன்று விழ யாரோ ஒரு சவர்க்காரக் கட்டி கொடுத்தார்கள். அட்டைக்குப் பூசிய அதே கையால் கெமராவை எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, பாசி பிடித்த கல்லில் ஏறி நின்று, கடைசித் தடவையாக அமுக்கினார்.

சவர்க்காரக் கையில் எது நிற்கும்? கெமரா வழுக்கியது. அதைப் பிடிக்கத் தாவினார். பிடித்தும்விட்டார். ஆனால் கால் கல்லில் இல்லை.

தொபுக்கென்று அருவிக் குளத்தில் விழுந்தார். தலை உள்ளே போனது, தோள் போனது. வலது கை மட்டும் கெமராவோடு கொடிக்கம்பம் மாதிரி வெளியே நின்றது. முகம் ஒரு தடவை மேலே வந்து "கெமரா! கெமராவைப் பிடிங்க!" என்று கத்திவிட்டு மறுபடி உள்ளே போனது.

"அண்ணே, அதை விட்டுட்டு நீந்துங்க!" என்று சுதேஷ் அலறினான். "அது பதினஞ்சு மீட்டர் தாங்கும், நீங்கதான் தாங்கமாட்டீங்க!"

றேணுகா சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். தூக்கிவிடத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கையில் எதையோ வைத்துக்கொண்டு தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து நின்றுவிட்டு, பிறகு சாவதானமாகச் சொன்னாள்.

"எந்திரிச்சு நில்லுங்கண்ணே. இடுப்பளவுதான் இருக்கு."

எழுந்து நின்றார். இடுப்பளவுதான் இருந்தது. முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரைத் துவாயால் போர்த்தி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஞாயிறு முழுக்கக் காய்ச்சல். கத்தரீனா கொத்தமல்லித் தண்ணி கொடுத்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு டீவியில் ஒரு படத்தைக் காட்டினார். கொட்டுகிற அருவி. அதன் கீழே தண்ணீரிலிருந்து எழும்பிய ஒரு கை, கையில் ஆரஞ்சுக் கெமரா. பாதி முங்கிய முகத்தில் திறந்த வாய். விரலில் தொங்கும் சொட்டுக்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"ஆள் நனைஞ்சாலும் சாமான் நனையக்கூடாது!" முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். "குடைக் கம்பெனிக்கு இதைவிட என்ன வேணும்? இதுதான் கலண்டர். கீழே போடுங்க, 'படம்: றேணுகா'ன்னு."

"சேர், என் பேரு?" என்றார் அந்தோனிமுத்து.

"கைக்கெல்லாம் பேரு போடுறதில்ல அந்தோனி."

சலூனில் இனி அவர் வாய். மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே அவர் வாய். ஃபாதருடைய அறையிலும் அதே வாய், பன்னிரண்டு மாசத்துக்கும். அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே றேணுகாவின் மேசைக்குப் போனார்.

"கொட்டுற மழையில, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, இவ்வளவு கிளியரா எடுத்திருக்க! உனக்கு ஏது அப்படியொரு கெமரா?"

றேணுகா மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ஒரு ஆரஞ்சுக் கெமராவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்களோடதுதாண்ணே. நீங்க தூக்கிப் பிடிச்சது கண்ணாடி அலுமாரியில காட்டுறதுக்கு வைக்கிற வெறுங்கூடாம், அந்த மீன் ஸ்டிக்கராம், நிஜக் கெமரா இதுதான்னு கடைக்காரர் சார்ஜும் போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. பஸ்ஸில சொல்ல வந்தா, நீயே வச்சுக்கன்னு சொன்னது நீங்கதானே?"