பசுமைக் கட்சிக்கு நான் செய்த பிரசாரம்

யாராவது நம்மிடம் முப்பது செகண்ட் உதவி கேட்டால், முப்பது செகண்டோடு நிறுத்திக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. இந்த ஞானம் இருபத்திரண்டு வயதிலேயே எனக்கு வந்திருந்தால், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பசுமைக் கட்சிக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் பழி என் தலையில் விழுந்திருக்காது.

என் அக்கா தேவி கல்யாணமாகி பிரஸ்ஸல்ஸ் போனவள். அத்தானுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. போன புதிதில் கடையில் கையைக் காட்டி ரொட்டி வாங்கியவள், பத்து வருடத்தில் பிரெஞ்சு கற்று, குடியுரிமை வாங்கி, பசுமைக் கட்சியில் சேர்ந்து, அந்தப் பிராந்தியத்துச் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் ஆகிவிட்டாள். (இராஜபாளையத்தில் இருந்தவரை எங்கள் வார்டு கவுன்சிலர் யாரென்றே அவளுக்குத் தெரியாது.) அந்த நாட்டில் பசுமைக்கே இரண்டு கட்சி. பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு ஒன்று, டச்சு பேசுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் ஒரே கட்சியில் இருந்துகொண்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அங்கே தனித்தனிக் கட்சி வைத்துக்கொண்டு ஒன்றாகக் காப்பி குடிக்கிறார்களாம்.

அங்கே கட்சி ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் நமக்குப் பிடித்த ஆளின் பெயருக்கு நேராகவும் ஓட்டுப் போடலாம். அக்காவின் பெயர் பட்டியலின் நடுவில் இருந்தது. கட்சிக்கும் நல்ல ஓட்டு விழுந்து, அவள் பெயருக்கும் விழுந்தால் சீட்டு நிச்சயம். அதற்காக வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு, இரண்டு வருடம் மழையிலும் குளிரிலும் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போயிருந்தாள். அந்தச் சீட்டுக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் பண்ணினாள். "ஏலே தம்பி, இங்க தமிழ் ஆளுக எம்புட்டோ குடும்பம் இருக்காக. நம்ம வீட்டு வேப்பமரத்தடியில அப்பாவ உக்கார வச்சு, 'எம் மகளுக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு சொல்லச் சொல்லி, முப்பது செகண்ட் வீடியோ எடுத்து என் பேஜ்ல போடு. பாஸ்வேர்டு அனுப்புறேன். அம்புட்டுத்தான்."

நான் அப்போது கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கல்லூரியில் இரண்டு செமஸ்டர் பிரெஞ்சு விருப்பப் பாடமாக எடுத்திருந்ததால், ஐரோப்பிய அரசியலுக்கு நான் தேவைப்படுவேன் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. விஷயத்தை என் சிநேகிதன் பாண்டியிடம் சொன்னேன். பாண்டி ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன்.

"என்ன மாப்ள, சட்டசபைக்கு நிக்கிறது நம்ம அக்கா. உங்கப்பா தனியா சேர்ல உக்காந்து ஓட்டுக் கேட்டா வெள்ளக்காரன் என்ன நெனைப்பான்? ஆளு பலமே இல்லன்னு நெனைக்க மாட்டான்?" என்றான்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இருபதடி ஃபிளெக்ஸ் அடித்தோம். நடுவில் அக்கா கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் பட்டாள உடையில் அப்பா. கீழே வரிசையாக நாங்கள் பதினாறு பேர், நான் மட்டும் காதில் செல்போனோடு. பின்னால் அய்யனார் கோவில் அருவி. அதை வேப்பமரத்துக்கு முன்னால் கட்டியபோது ஒரு கிளை அக்காவின் மூக்கை மறைத்தது. பாண்டி ஏறி வெட்டினான். அடுத்த கிளை அப்பாவின் தொப்பியை மறைத்தது, அதையும் வெட்டினான். மூன்றாவது கிளை என்னை மறைத்தது. அதை நானே வெட்டினேன்.

அடுத்து ஊர்வலம். நாற்பது பைக்கில் பச்சைக்கொடி கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போய் வேட்பாளர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாக்கெட் பால்கோவாவோடு ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பினோம். (பாதிப் பைக்கில் சைலன்சர் இல்லை.) வீட்டு வாசலில் பத்தாயிரம் வாலா சரவெடி. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெடி போடாமல் ஓட்டுக் கேட்பது எங்கள் ஜில்லாவுக்கே கேவலம். இவ்வளவும் போதாதென்று பாண்டி தன் இராஜபாளையம் நாயைக் கூட்டி வந்தான். பால்போல வெள்ளை நாய். அதன் மேல் பச்சைச் சாயப்பொடியைக் கரைத்துப் பூசியிருந்தான்.

கடைசியில்தான் அப்பா நினைவு வந்தது. வெடிப்புகைக்குள் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். "எம் மகளுக்கு..." என்று ஆரம்பித்து இருமினார். இருமி முடிக்கும்போது நாய் குறுக்கே ஓடியது.

கிளை வெட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் நாலு நிமிடப் படம். மேலே, 'எங்கள் ஊர் பசுமைக்குத் தயார்' என்று பிரெஞ்சில் எழுதி, அக்காவின் பேஜில் ஏற்றிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். நாலு மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏலே, அந்த மரம் என்ன ஆச்சு?"

"எந்த மரம்க்கா?"

"வீடியோல வெட்டுறீகளே, அந்த மரம்."

"மரத்த வெட்டலக்கா, கிளையத்தான். உன் மூக்கு தெரியல."

போனில் சரவெடிச் சத்தம் கேட்டது. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள்.

"அதுல ஓடுறது என்ன, நாயா?"

"ஆமாக்கா. பாண்டி நாய்."

"பச்சையா இருக்கு."

"கட்சி கலர்க்கா," என்றேன். அந்த நிமிடம் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ரெண்டு வருசமா மழைல சைக்கிள்ல போயி, வண்டியக் கொறைங்க, பிளாஸ்டிக் வேண்டாம், மரத்த வெட்டாதீக, வருசப் பொறப்புக்கு வெடி போடாதீகன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லிட்டு வாரேன். நீ நாலு நிமிசத்துல..."

கட்சியின் பெயரிலேயே பசுமை இருந்தது. எனக்கு அது வெறும் கொடி நிறமாகத்தான் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கொடி என்ன நிறமோ அதே நிறத்தில் துண்டு, அதோடு முடிந்தது கொள்கை.

வீடியோவை உடனே அழித்தேன். அதற்குள் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு, 'பசுமைக் கட்சி ஆட்சிக்கு வந்தால்' என்று ஒரே வரி எழுதிப் போட்டுவிட்டார். உள்ளூர் ரேடியோவில் நாயைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் சிரித்தார்களாம்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். என் ஜாதகத்தில் சும்மா இருப்பது கிடையாது. மன்னிப்புக் கேட்டு இரண்டாவது வீடியோ எடுத்தேன். பிராணிகள் மேல் எங்களுக்கு இருக்கும் அன்பைக் காட்ட, ஹோஸ் பைப்பைப் பிடித்து நாயைக் குளிப்பாட்டினேன். சாயம் லேசில் போகவில்லை. எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அந்த வாரத்துத் தொட்டித் தண்ணீர் முழுவதும் பச்சையாக வாய்க்காலில் ஓடுவதை உலகமே பார்த்தது. அக்காவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது: 'ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன், போனக் கீழ வை.' அன்றே பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள்.

தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, முடிவு பார்க்க லேப்டாப் முன்னால் நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். பச்சைக் கோடு ஒவ்வொரு ஊரிலும் குட்டையாகிக்கொண்டே போனது. போன தேர்தலில் ஜெயித்த இடமெல்லாம் போய்விட்டது. அக்காவும் தோற்றாள். போனில் கூப்பிட்டவள், "சரிலே, தூங்கு," என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாரம் பாண்டி கடைப் பக்கமே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஓர் அறிக்கையை அனுப்பினாள். ஏன் தோற்றோம் என்று கட்சியே கூடி உட்கார்ந்து பேசி எழுதியது. மொத்தம் பதின்மூன்று காரணம். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வாசித்துச் சொல்லச் சொன்னார் அப்பா. ஆட்சியில் கூட்டுச் சேர்ந்தது, வரி, கரண்ட் விலை, தலைவர்களுக்குள் சண்டை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னெண்டு," என்றேன்.

பட்டாளத்தில் தினமும் காலையில் ஆள் எண்ணிப் பழகியவர் அப்பா. "பதினொண்ணு எங்கடா?" என்றார்.

"அது... முக்கியமில்லப்பா."

"வாசி."

வாசித்தேன். 'பதினொன்று: ஒரு வேட்பாளரின் தம்பி.'

அப்பா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் பதினொண்ணு. மோட்டார் ஓடவில்லை, பால் திரிந்துவிட்டது, பஸ் போய்விட்டது, எதுவானாலும் முதலில் "பதினொண்ணு எங்க இருக்கான்?" என்றுதான் கேட்பார்கள். என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போன வீட்டிலும் அப்பா அதைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சில வருடம் கழித்து அக்கா மறுபடி நின்றாள், இந்த முறை நகரசபைக்கு. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பே அப்பா என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அந்தத் தடவை பசுமைக் கட்சிக்கு நல்ல காலம். ஊர் ஊராகக் கோடு உயர்ந்தது. அக்காவும் ஜெயித்தாள்.

ஏன் ஜெயித்தோம் என்று அதற்கும் ஓர் அறிக்கை வந்தது. எழுதிய குழுவில் இப்போது அக்காவும் ஒருத்தி. அப்பா என்னை எதிரில் உட்காரவைத்து, விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். ஒரு எண்ணையும் விடாமல் வாசித்தேன். ஒன்பதாவதுதான் கடைசி.

'இம்முறை இந்தியாவிலிருந்து எந்த ஆதரவும் வரவில்லை.'

அப்பா சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "இப்பத்தான்லே நீ அவளுக்கு ஒரு ஒத்தாசை செஞ்சிருக்க," என்றார்.