தை மாதத்து வண்ணத்துப்பூச்சிகள்

சொன்ன வேலைக்கு மேலே ஒரு வேலை கூடுதலாகச் செய்பவனை வேலைக்கு வைத்திருப்பது ஆபத்து. நான் அந்த ரகம்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், 1986இல், ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சி ஆராய்ச்சிப் பகுதியில் துப்புரவு வேலை செய்தேன். (ஊரில் கணக்கு வாத்தியார், பந்தாவுக்குக் குறைவில்லை.) அகதி வழக்கு முடியவில்லை. வேலை எடுத்துத் தந்த செல்வம் அண்ணைதான் மேற்பார்வையாளர்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முதல்நாள் ஓர் அறையில் பழைய பிரிட்ஜ் ஒன்றைக் கண்டேன். உள்ளே ஐஸ் பாறையாக இறுகியிருந்தது. கதவில் கறைபிடித்த ஒரு தாள், அதை உரித்தெறிந்தேன். ('தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததாம்.) பிளக்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு தட்டில் பன்னிரண்டு காய்ந்த கொட்டைகள். நனைந்துவிடுமே என்ற கருணையில் ஹீற்றருக்கு மேலே வைத்தேன். ஐஸ் உருகியதும் பிளக்கை மாட்டினேன். தட்டை மறந்துபோனேன்.

இரண்டு கிழமை கழித்து அந்த அறைக் கதவைத் திறந்தால், வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே யன்னல் கண்ணாடியில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள்! ஹீற்றருக்கு மேலே தட்டில் வெடித்த வெறுங்கோதுகள். ஓடிப்போய் போன் அடித்தேன்.

"அண்ணை, கொட்டையெல்லாம் பறக்குது!"

"விடியக்காலமையே குடிச்சிட்டு நிக்கிறியோ?"

அதற்குள் ஆராய்ச்சியாளர் மார்கரெட் வந்துவிட்டார். மரமே முளைக்காத வடதுருவப் பக்கம் போய், நுளம்புக்கடி வாங்கி அவர் கொண்டுவந்து, குளிரில் உறங்கவைத்திருந்த கூட்டுப்புழுக்கள் அவை.

"யார் செய்தது?"

வேலையும் போச்சு, வழக்கும் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் வாய் பொய் சொல்லவில்லை. (பொய் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் வராததும் ஒரு காரணம்.) எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கதிரையில் தொப்பென்று இருந்தார். "இவை மே மாதம் வெளியே வரவேண்டியவை." கண் கலங்கியிருந்தது. பிறகு எழும்பினார்.

"பாவம், பசிக்கும். சீனி இருக்கிறதா?"

கோப்பி அறைச் சீனியைக் கரைத்து, பஞ்சில் நனைத்து, மத்தியானம்வரை இருவரும் ஊட்டினோம். ஒன்று என் விரலில் வந்து இருந்தது. செட்டையின் அடியில் பச்சை நரம்பு ஓடியது. "எந்த நாள் வைத்தாய்?" என்று கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொண்டார். எவரிடமும் முறையிடவில்லை. செல்வம் அண்ணை இன்றுவரை நான் குடித்திருந்ததாகவே நம்புகிறார்.

அடுத்த வருடம் என் வழக்குக்கு மார்கரெட் கடிதம் எழுதித் தந்தார்: 'செய்த பிழையை ஒளிக்காத மனிதர்.' இந்த நாட்டில் என்னைப்பற்றி எழுதப்பட்ட முதல் நல்ல வார்த்தை.

போன வருடம் பேத்தி மூன்று கிழமை முந்திப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் பதறி நிற்க, மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ, பிள்ளையை ஹீற்றருக்கு மேலை வைச்சனீங்களோ?"