உரக்கடை ஆதிநாராயணனை யாரும் ஏமாற்றியதில்லை

ஆதிநாராயணன் என்ற பெயரை ஷோபா முதன்முதலாகக் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று. மாப்பிள்ளை கிஷோர் என்ன படித்தான், என்ன சம்பளம் என்பதற்கெல்லாம் முன்னால் அவனுடைய அம்மா இதைச் சொன்னாள்: "எங்க மூத்தார், எங்க வூட்டுக்காரருக்கு அண்ணன், ஆதிநாராயணன்னு. புத்தூர்ல உரக்கடை. அவர இதுவரைக்கும் ஒருத்தனும் ஏமாத்தினதில்லம்மா." வெதுருகுப்பத்துப் பெண்ணான ஷோபா பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

ஏமாறாதவர் என்கிற இந்த இனம் உங்களுக்கும் தெரியும். ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். யார் எங்கே பயணம் கிளம்பினாலும் சோற்று மூட்டைக்கு முன்னால் இவரை ஏற்றிக்கொள்வார்கள். பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கி, பெட்டி மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, ஒரு கையை எதிரே நீட்டி, தமிழில் பேசிக்கொண்டு வருகிறவனுக்குத் தெலுங்கிலும் தெலுங்கில் வருகிறவனுக்குத் தமிழிலும் "நாங்க லோக்கல்" என்று சொல்லி அனுப்புவார். டீ விற்கிறவனிடமும் லோக்கல். வழி கேட்கிற கிழவியிடமும் லோக்கல்.

ஆதிநாராயணனுக்கு இதில் வெளிநாட்டு அனுபவமும் உண்டு. உரக் கம்பெனிக்காரர்கள் வியாபாரிகளைப் பாங்காக்குக்கு அழைத்துப் போனார்கள். ஆட்டோக்காரன், படகுக்காரன், கோட்டு தைக்கிறவன் என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து இழுத்தானாம். மனிதர் நாலு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. பாங்காக் எப்படி இருந்தது என்று கேட்டால், "ஒத்த ரூபா ஏமாறல" என்பார். வேறென்ன வேண்டும்?

ஷோபாவின் பெண்குழந்தைக்குத் திருமலையில் முதல் மொட்டை என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஷோபாவின் அண்ணன் சுதீர் குவைத்தில் வேலை பார்க்கிறவன். தங்கை கல்யாணத்துக்கே லீவு கிடைக்காதவன், இப்போது பத்து நாள் லீவில் வந்திருந்தான். மொட்டைக்கு அமைந்த நாளோ அவனுடைய கடைசி நாள். இரவு சென்னையிலிருந்து விமானம். காலை பத்து மணிக்கு மலையடிவாரத்தில் அலிபிரியில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த மடி கிடைக்க வேண்டுமே என்பதுதான் ஷோபாவின் ஒரே கவலை.

கிஷோரின் ஊரான சித்தூரில் பஸ் ஏறியதுமே, வழித்துணையாக வந்த ஆதிநாராயணன் எல்லார் போனையும் வாங்கி, அணைத்து, மஞ்சள் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். "திருப்பதில போன் பேசுறவனத்தான் மொதல்ல குறி வெப்பானுங்க."

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஷோபா குழந்தையைக் கழுவப் போனாள், கிஷோர் பால் வாங்கப் போனான். யாருடைய போனும் கிடைக்காமல் அலிபிரியிலிருந்து ஓடி வந்த சுதீர், கல்யாண ஆல்பத்தில் பார்த்த ஆதிநாராயணன் முகத்தை அடையாளம் கண்டு எதிரே வந்து நின்றான்.

"வாங்க மாமா. வண்டி நிக்குது."

"லோக்கல்."

"மாமா, நான் சுதீர். ஷோபா அண்ணன்."

"சுதீர் அலிபிரில நிக்கிறான். அவன் இங்க எப்பிடி இருப்பான்?"

"போன் கெடைக்கலன்னுதான் மாமா வந்தேன்."

"குவைத்துல இருக்கிறவன் ரப்பர் செருப்பு போட்டுக்கினு சுத்துவானா? பேரெல்லாம் விசாரிச்சிக்கினு வந்துட்டான்."

"ஷோபா எங்க மாமா?"

"பார்றா, பொம்பளைங்கள கேக்குறான். போலீஸ கூப்பிடட்டா?"

கூட்டம் கூடிவிட்டது. எப்படியும் அலிபிரிக்குத்தானே வருவார்கள் என்று சுதீர் திரும்பி நடந்தான்.

பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த ஜீப்காரர் ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கரெக்டா புட்சீங்க சார். இங்க ஒருத்தனையும் நம்பாதீங்க." ஆதிநாராயணனுக்குக் காது குளிர்ந்தது. தன்னைப் போலவே ஒரு மனிதர். "மலைக்கு நாலு மணி வரைக்கும் வண்டி விடல சார். அதுக்குள்ள காளஹஸ்தி காட்டி இட்டாந்துடுறேன்."

"அண்ணன் அலிபிரில நிக்குது மாமா. போன் குடுங்க, ஒரு வார்த்த சொல்லிடறேன்" என்றாள் வந்து சேர்ந்த ஷோபா.

"இந்த எடத்துல போன வெளிய எடுக்கிறதா? ஏறும்மா."

காளஹஸ்தியில் கோபுரம் வருவதற்கு முன்னால் கலம்காரிச் சேலைக் கடை வந்தது. அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றாவது கடையில் பணம் எடுக்க ஆதிநாராயணன் பையை அவிழ்த்தபோது ஷோபா தன் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆன் பண்ணியதும் முப்பத்தொரு தவறிய அழைப்பு என்று செய்தி வர, அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மூணு மணி வரைக்கும் நின்னேம்மா" என்றான் சுதீர். "மலைக்கு வண்டியெல்லாம் போய்க்கினுதான் இருந்துச்சு. மெட்ராஸ் பஸ் ஏறிட்டேன். பஸ் ஸ்டாண்டுல மாமா என்னிய போலீஸ்ல புடிச்சிக் குடுக்கப் பார்த்தாரு. பாப்பாவுக்கு வாங்கின பாவாட பையிலயே கீது. யாருகிட்டயாவது குடுத்து அனுப்பறேன்."

ஷோபா போனை வைத்தாள். கடை வாசலில் ஜீப்காரர் தன் கமிஷனைப் பேசிக்கொண்டிருந்தார்.

"வெரட்டினது எங்க அண்ணன. நம்பி வந்தது யார மாமா?"

ஆதிநாராயணன் வாசலைப் பார்க்கவில்லை. "அவன் சுதீராவே இருக்கட்டும்மா. ஏமாத்துறவனா இருந்திருந்தா?"

ஷோபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

சுதீருக்கு அடுத்த லீவு இன்னும் கிடைக்கவில்லை. குழந்தை இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போகிறது. இதையெல்லாம் கேட்டு, 'நானாக இருந்தால் அந்த ஜீப்காரனை அங்கேயே கண்டுபிடித்திருப்பேன்' என்று நினைத்துக்கொண்டீர்களானால், உங்கள் மச்சான் இப்போது எந்த பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

ஆதிநாராயணன் புத்தூரில் உரக்கடையில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் காசிக்குப் போகிற பதினாறு பேர் அவரைத்தான் வழித்துணைக்குக் கேட்டிருக்கிறார்கள்.